நீண்ட ஆங்கிலச் சொற்களும் எமது அசையறிவும்



தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலரில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய பாடம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் எமது இல்லங்கள் பலவற்றில் இரு வகையான இடர்ப்பாடுகளைக் காண்கின்றோம். ஆங்கிலத்தை இலக்கணத்தோடு கற்று, பிழையின்றி எழுதவும் வல்ல பெற்றோர் சிலர், தொலைபேசியில் ஒரு நீண்ட சொல்லைச் சொன்னவுடன் மறுமுனையில் இருப்பவர் “மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்” என்கின்றார். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தபின் அவர்கள் தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகின்றனர். மறுபுறம், அதே பிள்ளை தன் பாட்டியோடு தமிழில் பேசும்போது, சொற்கள் யாவும் தமிழாக இருந்தும் பாட்டிக்கு விளங்குவதில்லை. காலப்போக்கில் பிள்ளையும் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றது.

இவ்விரு இடர்களுக்கும் வேர் ஒன்றே. ஆங்கிலச் சொல்லின் அசைகள் ஒருவகையாக இயங்குகின்றன. தமிழ்ச் சொல்லின் அசைகள் வேறொரு வகையாக இயங்குகின்றன. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் பெற்றோரின் ஆங்கிலமும் பிள்ளைகளின் தமிழும் ஒருசேரத் தெளிவடையும். ஆகவே இப்பாடத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, வாய்விட்டுச் சொல்லிப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

இக்கட்டுரையில் அசைகளைச் சிறு கோட்டினால் பிரித்துக் காட்டுகின்றோம். அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே ' என்னும் குறியை இடுகின்றோம். ஆங்கில ஒலிகள் அனைத்தையும் தமிழ் எழுத்தில் துல்லியமாகக் காட்டல் இயலாது. எனவே ஒலி நயத்தைப் பிள்ளைகள் சொல்லிக் காட்ட, பெற்றோர் செவிமடுப்பாராக.

1. அசை என்பது யாது?

அசை என்னும் சொல் எமக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நேரசை, நிரையசை எனச் செய்யுளின் அசைகளை வகுத்துக் கூறுகின்றது. யாப்பிலக்கணம் கற்ற மாணவர் “தமிழ்” என்பதை ஒரு நிரையசையாகக் கொள்வர். ஆயின் இங்கு நாம் பேசும் ஒலியசை அதனினும் சற்று வேறானது. ஓர் உயிரொலி எங்கு உண்டோ அங்கு ஓர் ஒலியசை உண்டு. அவ்வுயிரைச் சார்ந்து முன்னும் பின்னும் நிற்கும் மெய்கள் அவ்வசைக்குள் அடங்கும். இவ்வாறு நோக்கின் “தமிழ்” என்பது த-மிழ் என இரண்டு ஒலியசை. “பள்ளிக்கூடம்” என்பது பள்-ளிக்-கூ-டம் என நான்கு. யாப்பின் நிரையசை ஒன்றில் ஒலியசை இரண்டு அடங்கும் என்பதை மனத்திற் கொள்க.

ஆங்கிலத்திலும் அடிப்படை இதுவே: உயிரொலி எத்தனையோ, அசையும் அத்தனை. “டே-பிள்”, “பட்-டன்” போன்ற சொற்களின் ஈற்றில் மட்டும் லகர, னகர மெய்களே உயிரின் இடத்தில் நின்று அசையாவதுண்டு.

ஆனால் மெய்களைப் பொறுத்தவரை ஆங்கிலம் தாராளமானது. ஓர் அசையின் முன்னே மூன்று மெய்களும் பின்னே நான்கு மெய்களும் வரை வரலாம். வீதி என்னும் பொருளுடைய “ஸ்ட்ரீட்” முழுவதும் ஒரே அசை. தமிழிலோ மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலாக வாராது. வல்லின மெய் ஈற்றில் நில்லாது. எனவேதான் எம்மவர் நா “ஸ்கூல்” என்பதை “இஸ்கூல்” என்றும், “பஸ்” என்பதைப் “பஸ்ஸு” என்றும், “ஃபில்ம்” என்பதைப் “பிலிம்” என்றும் சொல்லுகின்றது. ஓரசைச் சொல் ஈரசைச் சொல்லாகிவிடுகின்றது. இது அறியாமையன்று, தாய்மொழியின் சட்டம் நாவில் நின்று செய்யும் வேலை. எனினும் ஆங்கிலம் கேட்பவர் செவிக்கு அசையின் எண்ணிக்கை மாறினால் சொல்லே மாறியதுபோலாகும்.

2. எழுத்தை எண்ணாது ஒலியை எண்ணுக

தமிழில் எழுத்தைப் பார்த்தே அசையை எண்ணிவிடலாம். ஆங்கிலத்தில் அது கூடாது. அழகிய என்னும் பொருளுடைய “பியூட்டிஃபுல்” என்னும் சொல்லில் ஈ, ஏ, யூ, ஐ, யூ என ஐந்து உயிரெழுத்துகள் உள்ளன. அசைகளோ 'பியூ-டி-ஃபுல் என மூன்றே. புதன்கிழமையைக் குறிக்கும் சொல் எழுத்தில் மூன்று அசைபோலத் தோன்றினும் 'வென்ஸ்-டே என இரண்டசையாகவே ஒலிக்கும். மரக்கறியைக் குறிக்கும் சொல்லை எம்மவர் “வெ-ஜி-டே-பிள்” என நான்கு அசையாகச் சொல்வர். ஆங்கிலேயர் 'வெஜ்-ட-பிள் என மூன்றாகச் சொல்வர். வசதியான என்னும் பொருளுடையது 'கம்ஃப்-ட-பிள். “சொக்லேட்” என்பதும் 'சொக்-லட் என இரண்டசையே.

எண்ணுவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. நாடியின் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்க. ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை இறங்கிக் கையைத் தொடும். எத்தனை முறை தொட்டதோ அத்தனை அசை. சிறு பிள்ளைகள் கைதட்டியும் எண்ணலாம்.

3. பிரிக்கும் முறை

நீண்ட சொல்லைக் கண்டு மலைத்தல் வேண்டா. பின்வரும் ஒழுங்கிற் பிரிக்க.

முதலாவது, ஒட்டுகளைக் கழற்றுக. சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டிய உறுப்புகளைத் தனியே எடுத்தால் நடுவில் பகுதி தெரியும். நாம் பதவுறுப்பிலக்கணத்திற் பகுதி, விகுதி பிரிப்பது போன்றதே இது.

இரண்டாவது, இரண்டு உயிரொலிகளுக்கு இடையே இரண்டு மெய்கள் நின்றால், பெரும்பாலும் ஒன்று முன்னசைக்கும் மற்றது பின்னசைக்கும் செல்லும். 'டொக்-டர், 'கார்-டன், 'விண்-டோ என வரும். கண்-ணன், பந்-து என நாம் பிரிப்பதும் இவ்வாறே.

மூன்றாவது, ஒரு மெய் மட்டும் நின்றால், அது பெரும்பாலும் பின்னசையோடு சேரும். 'டை-கர், 'பே-பர் என வரும். முன்னுள்ள உயிர் குறுகி ஒலிக்குமாயின் சில அகராதிகள் மெய்யை முன்னசையோடு சேர்க்கும். இதில் அகராதிகள் தம்முள் வேறுபடுதலும் உண்டு. அச்சில் வரியை முறிக்கும் இடமும் ஒலியில் அசை முறியும் இடமும் எப்போதும் ஒன்றல்ல.

நான்காவது, இரண்டு எழுத்துகள் கூடி ஒரே ஒலியைத் தருமாயின் அவற்றைப் பிரித்தல் ஆகாது. தந்தையையும் தாயையும் குறிக்கும் 'ஃபா-தர், 'ம-தர் என்னும் சொற்களில் நடுவே உள்ள டீ, எய்ச் ஆகிய இரண்டும் ஓர் ஒலியே.

பொறுப்பு என்னும் பொருளுடைய நீண்ட சொல்லை இம்முறையிற் பிரித்தால் ரி-ஸ்பொன்-ஸி-பி-லி-டி என ஆறு அசை கிடைக்கும். அச்சமூட்டிய சொல் ஆறு சிறு துண்டுகளாகிவிட்டது.

4. அழுத்தம் என்பது யாது?

பிரித்தாயிற்று. இனி இத்துண்டுகளை ஒரே நிறையிற் சொன்னால் அது ஆங்கிலம் ஆகாது. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை தலைமை பெறும். அத்தலைமையசை சற்று உரத்தும், நீண்டும், குரல் உயர்ந்தும் ஒலிக்கும். இதுவே அழுத்தம். பொறுப்பு என்னும் சொல் ரி-ஸ்பொன்-ஸி-'பி-லி-டி என நான்காம் அசையில் அழுத்தம் பெறும். மிக நீண்ட சொற்களில் இரண்டாந்தர அழுத்தமும் ஒன்று வரும். இச்சொல்லில் அது “ஸ்பொன்” என்னும் அசையில் விழுகின்றது.

தலைமை பெறாத அசைகளுக்கு நேர்வது எம்மவர் பெரிதும் கவனிக்காத செய்தி. அவற்றின் உயிர் தன் இயல்பை இழந்து, அகரம் போன்ற ஒரு தளர்ந்த ஒலியாக மங்கிவிடும். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் உயிரொலி இத்தளர்ந்த ஒலியே. ஆயினும் அதற்கெனத் தனி எழுத்து நெடுங்கணக்கில் இல்லை. ஆகவே எழுத்தைப் பார்த்து ஒவ்வோர் உயிரையும் முழுமையாக ஒலிப்போர் வாயில் சொல் பாரமாகிவிடுகின்றது.

உயிர் தன் அளவிற் குறைதல் தமிழ் மாணவர்க்கு வியப்பன்று. “நாடு”, “பாட்டு” என்பவற்றின் ஈற்று உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் எனக் கற்றுள்ளோம். இடம் நோக்கி உயிர் குறுகும் என்னும் கருத்து எமக்கு வெகு பழையது. ஆங்கிலத்திலோ அக்குறுக்கம் சொல்லின் எப்பகுதியிலும் நிகழும் என்பதே வேறுபாடு.

ஒரு சொல்லின் குடும்பத்தைப் பாருங்கள். ஒளிப்படம் 'ஃபோ-ட-கிராஃப். படம் பிடிப்பவர் ஃப-'டொ-க்ர-ஃபர். ஒளிப்படம் சார்ந்தது என்னும் சொல் ஃபோ-ட-'க்ரா-ஃபிக். ஒரே வேரிலிருந்து பிறந்த மூன்று சொற்களிலும் அழுத்தம் முதலாம், இரண்டாம், மூன்றாம் அசைகளுக்கு நகர்கின்றது. அழுத்தம் நகரவே உயிரொலிகளும் மாறுகின்றன.

5. அழுத்தம் எங்கே விழும்?

எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதி ஒன்றில்லை. எனினும் விகுதியைக் கொண்டு பல நூறு சொற்களின் அழுத்தத்தை அறியலாம்.

அ) “ஷன்”, “இக்”, “இட்டி” என ஒலிக்கும் விகுதிகள் வந்தால், அவ்விகுதிக்கு முன்னுள்ள அசை அழுத்தம் பெறும். கல்வி, எ-ஜு-'கே-ஷன். தகவல், இன்-ஃபர்-'மே-ஷன். மின்சாரம், இ-லெக்-'ட்ரி-சி-டி. பொருளாதாரம் சார்ந்தது, ஈ-க-'நொ-மிக். இவ்விதிக்கு விலக்குகளும் சில உண்டு. எண்கணிதத்தைக் குறிக்கும் அ-'ரித்-ம-டிக் அவற்றுள் ஒன்று.

ஆ) துறைகளைக் குறிக்கும் “லஜி”, “க்ரஃபி”, ஆட்சி முறையைக் குறிக்கும் “க்ரசி” ஆகியவற்றில் முடியும் சொற்களில், ஈற்றிலிருந்து மூன்றாம் அசை அழுத்தம் பெறும். உயிரியல், பை-'யொ-ல-ஜி. புவியியல், ஜி-'யொ-க்ர-ஃபி. சனநாயகம், டி-'மொ-க்ர-சி.

இ) “ஈ”, “ஈர்”, “ஈஸ்” என்னும் நீண்ட விகுதிகள் தாமே அழுத்தத்தை ஏற்கும். பொறியியலாளர், என்-ஜி-'னீர். தொண்டர், வொ-லன்-'டீர். யப்பானியர், ஜா-ப-'னீஸ். எம்மவர் பலரின் பத்திரங்களில் இடம்பெற்ற அகதி என்னும் சொல்லும் ரெ-ஃபி-'ஜீ என ஈற்றிலேயே அழுத்தம் பெறும். செயற்குழுவைக் குறிக்கும் க-'மி-டி, 'கொ-ஃபி என்பன இவ்விதிக்கு விலக்கு.

ஈ) “மன்ட்”, “நஸ்”, “ஃபுல்”, “லி” முதலிய விகுதிகள் அழுத்தத்தை அசைப்பதில்லை, பகுதியில் எங்கிருந்ததோ அங்கேயே இருக்கும். வளர் என்னும் வினை டி-'வெ-லப், வளர்ச்சி டி-'வெ-லப்-மன்ட். எம்மவர் இதில் மூன்றாம் அசையை அழுத்துதல் அடிக்கடி கேட்கும் வழக்கு.

உ) ஈரசைச் சொற்கள் சில பெயராக வரும்போது முதலசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். பதிவு, 'ரெ-கோட், பதிவு செய், ரி-'கோட். அன்பளிப்பு, 'ப்ரெ-ஸன்ட், அளி, ப்ரி-'ஸென்ட். அனுமதிப் பத்திரம், 'பர்-மிட், அனுமதி, பர்-'மிட். எல்லா இணைகளும் இவ்வாறல்ல. அறிக்கை, அறிக்கையிடு ஆகிய இரண்டிற்கும் ரி-'போட் என்பதே வழக்கு.

மருத்துவரிடம் செல்லும்போது இவ்விதிகள் பெரிதும் பயன்படும். ஒவ்வாமை 'ஆ-ல-ஜி. ஒவ்வாமையுடைய என்பது “இக்” விகுதி ஏற்றமையால் அ-'லர்-ஜிக். இரண்டு சொற்களிலும் எல்லா அசைகளையும் ஒரே நிறையிற் சொன்னால், விரைந்து கேட்கும் தாதியர்க்கு விளங்காது போகலாம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்து ஆன்-டி-பை-'யொ-டிக். அவசர நிலை இ-'மர்-ஜன்-ஸி. இச்சொற்களை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்வது நன்று.

ஐயம் எழுந்தால் அகராதியைப் பார்க்க. பெரும்பாலான அகராதிகள் அழுத்தக் குறியை அசைக்கு முன்னே இடும். அமெரிக்க அகராதிகள் சில பின்னே இடும். முன்னுரையைப் படித்து இதனை அறிந்துகொள்க. நாடு நோக்கியும் அழுத்தம் மாறும். ஆய்வுகூடத்தை இலண்டனில் உள்ளோர் ல-'பொ-ர-ட்ரி என்பர். வட அமெரிக்காவில் உள்ளோர் 'லா-ப்ர-டோ-ரி என்பர். டொரொன்டோவிலிருந்து வரும் உறவினரின் பிள்ளை வேறுவிதமாகச் சொன்னால் நகைத்தல் வேண்டா.

6. இக்குழப்பம் ஏன் வந்தது?

ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள் செருமானிய இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் வேரின் முதலசையே பெரும்பாலும் அழுத்தம் பெறும். தந்தை, தாய், நீர், வீடு முதலிய வீட்டுச் சொற்கள் இவ்வகையின. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் கல்வி வளர வளர இலத்தீன், கிரேக்கச் சொற்களும் திரளாகப் புகுந்தன. விகுதியைக் கொண்டு அழுத்தம் நகரும் வழக்கம் இவ்வந்தேறு சொற்களோடு வந்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி சொற்களில் அழுத்தக் குறி இட்டுக் காட்டியது. 1917இல் டேனியல் ஜோன்ஸ் உச்சரிப்புக்கெனவே ஓர் அகராதியை வெளியிட்டார். ஆங்கிலம் பேசுவோரும் தம் சொற்களின் அழுத்தத்தை அகராதியிற் பார்த்தே தெளிகின்றனர் எனில், நாம் பார்ப்பதில் நாணம் எதற்கு?

தமிழிலிருந்து ஆங்கிலம் ஏற்ற சொற்களும் இவ்வழுத்தத்திற்கு ஆட்பட்டன. எமது கட்-டு-ம-ரம் அங்கே கா-ட-ம-'ரான் ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ம-லி-க-'டோ-னி ஆயிற்று. சுருட்டு ஷ-'ரூட் என ஓரசையை இழந்தது.

7. தமிழுக்குத் திரும்புவோம்

மாணவச் செல்வங்களே, இதுவரை பெற்றோர்க்குக் கூறினோம். இனி உங்களுக்குக் கூறுகின்றோம். தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றுவதில்லை. மாத்திரையே பொருளை மாற்றும். கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. கொடு வேறு, கோடு வேறு. மெய் இரட்டித்தலும் அத்தகையதே: கனி வேறு, கன்னி வேறு, எடு வேறு, எட்டு வேறு.

நீங்கள் ஆங்கிலப் பழக்கத்தால் “வணக்கம்” என்பதன் நடு அசையை அழுத்தி, நீட்டி, ஏனையவற்றை மங்கச் செய்தால் அது “வனாகம்” ஆகிவிடுகின்றது. “அப்பா” என்பதில் முதலசையை அழுத்தி இரட்டித்த மெய்யை விட்டால் “ஆபா” ஆகிவிடுகின்றது. தமிழ்ச் சொல்லில் எந்த உயிரையும் மங்கவிடாதீர்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என அதற்குரிய அளவைக் கொடுங்கள். ஒற்றில் ஒரு கணம் நின்று செல்லுங்கள். உங்கள் பாட்டிக்கு உங்கள் தமிழ் விளங்கும்.

8. எமது பெயர்கள்

தமிழ்ப் பெயர் நீண்டது, பிறரால் சொல்லவியலாது என்று கருதிப் பெயரைக் குறுக்கிக்கொள்வோர் உளர். பாலசுப்பிரமணியம் என்பது பா-ல-சுப்-பி-ர-ம-ணி-யம் என எட்டு அசை. சர்வதேசமயமாக்கல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் நிறுத்திச் சொன்னால் இன்-டர்-நா-ஷ-ன-லை-'ஸே-ஷன் என எட்டு அசையே. அதனைத் தயக்கமின்றிச் சொல்லும் நா, எமது பெயரையும் சொல்லவல்லது. அதற்கு வேண்டியது துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார் ஒருவர். மாணவர்களே, புதிய வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரைக் கண்டு தயங்கினால், அசை பிரித்து இருமுறை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். எழுதியும் கொடுங்கள். பெயரைக் குறுக்கிக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம்; ஆனால் சொல்லவியலாதது என்பதற்காக மட்டும் அதனைக் கைவிட வேண்டியதில்லை.

9. பயிற்சி

கீழ்வரும் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் விழும் அசையைக் கூறுக. எவ்விதி பொருந்துகின்றது என்பதையும் கூறுக.

(1) யூனிவர்ஸிட்டி (2) டெக்னொலஜி (3) செலிப்ரேஷன் (4) ஸயன்டிஃபிக் (5) பயனீர் (6) கொமியூனிகேஷன்

விடைகள்: (1) யூ-னி-'வர்-ஸி-டி, விதி அ. (2) டெக்-'நொ-ல-ஜி, விதி ஆ. (3) செ-லி-'ப்ரே-ஷன், விதி அ. (4) ஸை-யன்-'டி-ஃபிக், விதி அ. (5) பை-ய-'னீர், விதி இ. (6) க-மியூ-னி-'கே-ஷன், விதி அ.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேச்சின் சாயலை மாற்ற வேண்டியதில்லை. அது நீங்கள் பிறந்த மண்ணின் அடையாளம். அசையின் எண்ணிக்கையும் அழுத்தத்தின் இடமும் சரியாயின் எச்சாயலிற் பேசினும் பெரும்பாலும் விளங்கும். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா, அப்பா ஒரு சொல்லைத் தவறாக அழுத்தினால் பிறர்முன் நகைக்காதீர்கள். வீட்டிற்கு வந்தபின் அன்போடு சொல்லிக் கொடுங்கள். அவர்களும் உங்கள் தமிழை அவ்வாறே திருத்துவார்களாக. நாளொன்றுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை பெற்றோர்க்கும், ஒரு தமிழ்ச் சொல்லைப் பெற்றோர் பிள்ளைக்கும் அசை பிரித்துக் கற்பித்தால், அடுத்த ஆண்டு விழாவிற்குள் இருவரும் முந்நூறுக்கு மேற்பட்ட சொற்களைத் தெளிவாகச் சொல்ல வல்லவராவீர்கள். இன்றிரவே முதற் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.